கேட்டது சரிதானா? பணியிட உரையாடலில் செவிமடுக்கும் முறை

பணியிடத்தில் ஒருவர் சொன்னதை மற்றவர் சரியாகக் கேட்டாரா என்பதைக் கேட்டவரால் தீர்மானிக்க முடியாது. அதைத் தீர்மானிக்கக்கூடியவர் சொன்னவர் மட்டுமே. தலையாட்டுவதும், முகத்தைப் பார்ப்பதும், இடையிடையே "ம்", "சரி" என்று சொல்வதும் பேசுபவருக்குக் காட்டப்படும் மரியாதையாகுமே தவிர, பேச்சு புரிந்துகொள்ளப்பட்டது என்பதற்குச் சான்றாகமாட்டா. ஆகவே இந்த அத்தியாயம் கேட்டலை ஒரு குணநலனாகக் கொள்ளாமல், தொடக்கமும் முடிவும் உடைய ஒரு வேலையாகவே கொள்கிறது. ஒருவர் பேசத் தொடங்கும்போது அந்த வேலை தொடங்குகிறது; கேட்டவர் தாம் புரிந்துகொண்டதை எடுத்துச் சொல்லி, பேசியவர் அதை ஒப்புக்கொள்ளும்போதுதான் அது முடிகிறது. இவ்வளவு சிறிய விதியைக் கடைப்பிடிப்பதற்கு எத்தனை தடைகள் குறுக்கிடுகின்றன என்பதையும், அவற்றை எந்த வரிசையில் நீக்கலாம் என்பதையும் கீழே காணலாம். பிறரை மேற்பார்வையிடும் பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பதவி வேறுபாடு பற்றிய பகுதி மற்றவற்றைவிட முக்கியமானது.

பேச்சின் வகையை முதலில் அறிதல்

பணியிடப் பேச்சுகளைப் பெரும்பாலும் நான்காக வகுக்கலாம். செய்ய வேண்டியதைச் சொல்லும் பணிக்கட்டளை ஒன்று. நடந்ததையோ நடந்துகொண்டிருப்பதையோ தெரிவிக்கும் நிலவரச் செய்தி மற்றொன்று. மனத்தாங்கலையோ அநீதியையோ முன்வைக்கும் குறை மூன்றாவது. தெளிவோ யோசனையோ வேண்டி வருவது நான்காவது. கட்டளையைக் கேட்பவர் அளவு, இடம், காலக்கெடு ஆகியவற்றைப் பிழையின்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும். குறையைக் கேட்பவரோ, தீர்வு சொல்லும் அவசரத்தை அடக்கிக்கொண்டு, முழுக் கதையும் வெளிவர இடம் தர வேண்டும். ஒரு வகைக்குரிய கேட்டலை இன்னொரு வகைக்குப் பயன்படுத்துவதே பெரும்பாலான மனக்கசப்புகளுக்குத் தோற்றுவாய். மூன்று மாதமாக இரவு ஷிப்ட்டே தமக்கு ஒதுக்கப்படுவதாக ஒருவர் முறையிடும்போது, அதை வெறும் நிலவரச் செய்தியாக எடுத்துக்கொண்டு "சரி, அடுத்த மாசம் மாத்திடலாம்" என்று முடித்துவிடும் மேற்பார்வையாளர், அவர் சொல்ல வந்த பாரபட்சத்தைக் கேட்கவே இல்லை.

வகை தெரியவில்லை என்றால் கேட்டுவிடுவதே நேர்மையானது. "இதுல நான் ஏதாவது முடிவு எடுக்கணுமா, இல்ல முதல்ல முழுசாக் கேட்டுக்கணுமா?" என்ற ஒரே கேள்வி, பேசுபவருக்கே தம் தேவையைத் தெளிவாக்கிவிடும்.

படிவரிசை

1. கையிலுள்ள வேலையை நிறுத்துதல். கணினித் திரையைப் பார்த்தபடியே "சொல்லுங்க, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்பவர் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, உடலைப் பேசுபவர் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். கம்ப்ரஸர், தறி, ஜெனரேட்டர் போன்றவை இரையும் இடத்தில் நின்று பேசுவதைத் தவிர்த்து, சத்தம் குறைந்த இடத்திற்கு நகர்ந்துவிட வேண்டும்.

   பாதுகாப்பு: எதிரிலிருப்பவர் இயந்திரத்தை இயக்கிக்கொண்டோ, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டோ, மருந்தளவைக் கணக்கிட்டுக்கொண்டோ இருக்கும்போது உரையாடலைத் தொடங்கவே கூடாது. இயந்திரம் நின்ற பிறகு, வண்டி ஓரம் கட்டிய பிறகு, மருந்து எடுத்து முடித்த பிறகு பேசலாம். உயிர் காக்க உடனே சொல்ல வேண்டிய எச்சரிக்கை மட்டுமே இதற்கு விலக்கு.

2. இருக்கும் நேரத்தைச் சொல்லிவிடுதல். அரை மனத்துடன் அரை மணி நேரம் கேட்பதைவிட, "எனக்கு 10 நிமிஷம்தான் இருக்கு, போதுமா? இல்லன்னா 4 மணிக்கு உக்காந்து பேசலாம்" என்று சொல்வது மேலானது. ஆனால் தள்ளிப்போட்ட நேரத்தை மறந்துவிடுபவரிடம் இரண்டாம் முறை யாரும் வருவதில்லை என்பதால், அந்த 4 மணியைப் பேசுபவரின் கண் முன்னே குறித்துக்கொள்ள வேண்டும்.

3. முதல் பேச்சை முழுதாக விடுதல். இடைமறிப்பு எவ்வளவு விரைவில் நிகழ்கிறது என்பதை மருத்துவத் துறை அளந்து பார்த்திருக்கிறது. ஹோவர்டு பெக்மனும் ரிச்சர்டு ஃபிராங்கலும் அமெரிக்காவில் 74 மருத்துவச் சந்திப்புகளை ஆராய்ந்து 1984-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நோயாளி தம் உபாதையைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டார். இதே கேள்வியை எடுத்துக்கொண்டு 1999-இல் வெளிவந்த மற்றொரு அமெரிக்க ஆய்வு, குறுக்கிடப்படாமல் பேசி முடித்த நோயாளிகள் மற்றவர்களைவிடச் சராசரியாக 6 விநாடிகள் மட்டுமே கூடுதலாக எடுத்துக்கொண்டதைக் காட்டியது. "விட்டால் பேசிக்கொண்டே போவார்" என்ற அச்சம் பெரும்பாலும் ஆதாரமற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. சொல்ல வந்தது தெரிந்துவிட்டது என்று தோன்றும் கணத்தில்தான் கேட்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும், ஏனெனில் முக்கியமான செய்தி பேச்சின் கடைசியில் வருவது மிகச் சாதாரணம்.

4. குறிப்பெடுத்தல். பெயர், எண், தேதி, இடம் ஆகியவற்றையும், மனத்தில் எழும் கேள்விகளையும் மட்டும் ஓரிரு சொற்களில் குறித்தால் போதும். எழும் கேள்வியைத் தாளில் இறக்கி வைத்துவிட்டால், அதை மறந்துவிடுவோமோ என்ற பதற்றத்தில் குறுக்கிட வேண்டிய தேவை போய்விடும். வாக்கியம் வாக்கியமாக எழுதுபவரின் கவனம் எழுத்தில் நிற்குமே ஒழியப் பேச்சில் நிற்காது. குறை சொல்ல வந்தவரிடம் மட்டும் "மறந்துடக் கூடாதுன்னு குறிச்சுக்கறேன், பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டே பேனாவை எடுக்க வேண்டும், இல்லையெனில் அது வாக்குமூலம் பதிவதுபோல் அவருக்குத் தோன்றும்.

5. மூன்று எண்ணும் அளவு பொறுத்தல். பத்து மொழிகளின் அன்றாட உரையாடல்களை ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒருவர் பேசி முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரம் சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே என்று கண்டது. ஒரு விடையை மனத்தில் உருவாக்க அதைவிடக் கூடுதல் நேரம் தேவைப்படுவதால், பதிலின் பெரும்பகுதி எதிரிலிருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தயாராகிறது என்று பொருள்படும். சாதாரணப் பேச்சில் இதனால் தீங்கில்லை. பொறுப்பான பேச்சில், பேசி முடித்தவுடன் மனத்திற்குள் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிவிட்டு வாய் திறப்பது இரு பயன்களைத் தரும்: கேட்பவர் தம் பதிலை உண்மையிலேயே சொல்லப்பட்டதற்குப் பொருத்திக்கொள்ளலாம், பேசியவர் தயங்கி நிறுத்திய ஒன்றைத் தொடர்ந்து சொல்லலாம்.

6. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. "ஆமாம்", "இல்லை" என்று முடிந்துவிடாத கேள்விகளை முதலில் கேட்டு, விவரத்தை உறுதிசெய்யும் குறுகிய கேள்விகளைப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். "ஏன் பண்ணல?" என்பது கேட்பவரின் மனத்தில் வெறும் வினாவாக இருந்தாலும் எதிரிலிருப்பவரின் காதில் குற்றச்சாட்டாகவே விழும், "எந்த இடத்துல நின்னுபோச்சு?" என்பது அதே தகவலைத் தற்காப்பைத் தூண்டாமல் வெளிக்கொண்டுவரும்.

7. திருப்பிச் சொல்லுதல். இதுவே இந்த முறையின் நடுநாயகமான படி என்பதால் தனியே விளக்கப்படுகிறது.

8. அடுத்த செயலைக் குறித்து முடித்தல். யார், எதை, எப்போதுக்குள் செய்வார் என்ற மூன்றும் சொல்லப்படாமல் உரையாடல் கலையக்கூடாது. எதுவும் செய்ய இயலாது என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

திருப்பிச் சொல்லுதல்

கேட்டவர் தாம் புரிந்துகொண்டதைப் பேசியவரிடமே எடுத்துச் சொல்லி, சரிபார்க்க விடுவது திருப்பிச் சொல்லுதல் எனப்படும். பேசுபவரின் நோக்குநிலையிலிருந்தே அவர் சொன்னதை மறுபடி எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற கருத்தை உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வலியுறுத்தினார். அவரும் ரிச்சர்டு ஃபார்சனும் 1957-இல் வெளியிட்ட சிறு நூலுக்குப் பிறகு இந்த வழக்கம் நிர்வாகப் பயிற்சிகளில் பரவியது. விமானப் போக்குவரத்திலோ இது கட்டாய விதி. ஓடுபாதையில் நுழைய, புறப்பட, இறங்க, குறித்த இடத்தில் காத்திருக்கக் கட்டுப்பாட்டு அறை சொல்பவற்றையும், உயரம், திசை, வேகம் முதலிய எண்களையும் விமானி திருப்பிச் சொல்லியாக வேண்டும். அவர் திருப்பிச் சொல்வதைக் கட்டுப்பாட்டாளர் கவனித்துக் கேட்டு, பிழையிருந்தால் உடனே திருத்தியாக வேண்டும். இரண்டாவது பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திருப்பிச் சொல்லப்படுவதைக் கவனியாமல் "ஆமா ஆமா" என்பவர், பிழைக்குத் தம் கையொப்பத்தையும் இட்டுவிடுகிறார்.

திருப்பிச் சொல்ல வேண்டியவை மூன்று அடுக்குகளாக உள்ளன:

1. விவரம். எண், பெயர், தேதி, அளவு ஆகியவற்றைச் சொன்னது சொன்னபடியே திருப்பிச் சொல்ல வேண்டும். இங்கே சொந்த நடைக்கு இடமில்லை. "ஃபிஃப்டீன்", "ஃபிஃப்டி" என ஒலி மயங்கக்கூடிய எண்களைத் தனித்தனி இலக்கமாகவும் சொல்வது நல்லது: "ஒண்ணு அஞ்சு, பதினஞ்சு பெட்டி."

2. கருத்து. இதைக் கேட்டவர் தம் சொந்தச் சொற்களில் சொல்ல வேண்டும். சொன்ன வாக்கியத்தையே ஒப்பிப்பதற்கு நினைவாற்றல் போதும். வேறு சொற்களில் சொல்வதற்குத்தான் புரிதல் வேண்டும்.

3. கவலை. சொல்லப்பட்டதற்கு அடியில் உள்ள அச்சத்தையோ வருத்தத்தையோ ஊகமாக, மறுக்க இடம் வைத்து முன்வைக்க வேண்டும்.

ஒரு பின்னலாடைத் தொழிற்கூடத்தில் நிகழக்கூடிய உரையாடலை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தையல் பிரிவின் பொறுப்பாளர் மேலாளரிடம் வந்து, "சார், துணி லேட்டா வந்துச்சு, ரெண்டு டெய்லர் லீவு, செக்கிங்ல வேற நிறைய ரிட்டர்ன் ஆகுது, வெள்ளிக்கிழமைக்குள்ள எப்படின்னு தெரியல" என்கிறார். "அதெல்லாம் தெரியும், ஓ.டி. போட்டு முடிச்சிடுங்க" என்று சொல்லும் மேலாளர் நான்கு செய்திகளில் ஒன்றைக்கூடச் சரிபார்க்கவில்லை. அதற்கு மாறாக, "துணி லேட்டு, ஆள் ரெண்டு கம்மி, செக்கிங்ல திரும்பி வருது. மூணுல எது பெரிய தடைன்னா, திரும்பி வர்றதுதான்னு எனக்குப் படுது. அவசரப்பட்டா அது இன்னும் கூடுமோன்னு யோசிக்கிறீங்க போல. சரியா?" என்று கேட்டால், பொறுப்பாளர் "ஆமா சார்" என்று சொல்லவும் வழியுண்டு, "இல்ல சார், துணியே இன்னும் பாதிதான் வந்திருக்கு" என்று மேலாளர் அறியாத ஒன்றைச் சொல்லவும் வழியுண்டு. இரண்டாவது விடை கிடைத்தால் திருப்பிச் சொன்னது தோற்றுவிட்டதாக எண்ணக்கூடாது. தவறான புரிதல் வேலையாக மாறுவதற்கு முன்பே பிடிபட்டுவிட்டது என்பதால், அதுதான் இந்த முறையின் முழு வெற்றி.

இங்கு நேரும் தவறுகளில் முதன்மையானது, திருப்பிச் சொல்லும் சாக்கில் தம் தீர்ப்பைக் கலந்துவிடுவது. "அப்ப நீங்க பிளான் பண்ணல, அதானே சொல்ல வர்றீங்க?" என்பது திருப்பிச் சொல்லுதல் அன்று, குறுக்கு விசாரணை. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் திருப்பிச் சொல்வது மற்றொரு தவறு; அது பேச்சின் ஓட்டத்தைக் கெடுக்கும். ஒரு விஷயம் முடியும்போது ஒருமுறை, உரையாடல் முடியும்போது மொத்தமாக ஒருமுறை என்பது போதுமான அளவு.

குறிப்பு: கட்டளையிடும் இடத்தில் இருப்பவர் "புரிஞ்சுதா?" என்று கேட்கக்கூடாது. புரியாதவரும் அதற்குப் "புரிஞ்சுது சார்" என்றே சொல்வார், ஏனெனில் வேறு விடை சொல்வது தம்மையே குறைத்துக்கொள்வதாகும். "நான் தெளிவாச் சொன்னேனான்னு தெரியல, நீங்க எப்படி எடுத்துக்கிட்டீங்கன்னு ஒரு தடவை சொல்லுங்க" என்று கேட்டால் பிழையின் சுமை சொன்னவர் மேல் விழுகிறது. கேட்டவர் கூச்சமின்றித் திருப்பிச் சொல்வார்.

பதவி வேறுபாடும் தணிந்த குரலும்

மேலதிகாரியிடம் பேசுபவர் தம் செய்தியின் கடுமையைத் தாமே குறைத்துக்கொண்டு பேசுவது தணிந்த பேச்சு எனப்படும். இது மரியாதையிலிருந்து பிறப்பதால் பேசுபவரைக் குறை கூறுவதற்கில்லை. அதை விரித்துக் கேட்க வேண்டிய பொறுப்பு மேலே இருப்பவரைச் சேர்ந்தது. இந்தப் பொறுப்பைக் கீழுள்ளவரின் தலையில் கட்டி, "தைரியமாச் சொல்லியிருக்கலாமே" என்று பின்னால் கேட்பது, அதிகாரம் உள்ளவர் செய்யும் அநீதி.

1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளில் உள்ள டெனரிஃபில், கே.எல்.எம்., பான் அமெரிக்கன் நிறுவனங்களின் இரு போயிங் 747 விமானங்கள் மூடுபனி சூழ்ந்த ஓடுபாதையில் மோதி 583 பேர் உயிரிழந்தனர். புறப்பட அனுமதி கிடைக்காமலேயே கே.எல்.எம். விமானம் ஓடத் தொடங்கியிருந்தது. துணை விமானி வானொலியில் சொன்ன தெளிவற்ற வாசகத்தை, விமானம் புறப்படும் இடத்தில் காத்து நிற்பதாகக் கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டார். அவர் சொன்ன பதிலின் முக்கியமான பகுதி, அதே நேரத்தில் பான் அமெரிக்கன் விமானமும் பேசியதால் எழுந்த இரைச்சலில் மூழ்கியது. விமானம் வேகமெடுத்துக்கொண்டிருந்தபோது, மற்ற விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் ஐயத்தைக் கேள்வியாக எழுப்பினார். மூத்த விமானி விலகிவிட்டதாக உறுதியாகச் சொல்லிவிட, பேச்சு அத்துடன் நின்றது. 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே எரிபொருள் தீர்ந்து விழுந்த ஏவியான்கா 52-ஆம் எண் விமானத்தில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தனர். அதன் விமானிகள் முன்னுரிமை வேண்டும் என்றும் எரிபொருள் குறைகிறது என்றும் சொன்னார்களே தவிர, அவசரநிலை என்று முறைப்படி அறிவிக்கவில்லை. இரு விபத்துகளுக்கும் வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் ஆபத்தை அறிந்த ஒருவர் இரண்டு இடத்திலும் இருந்தார், அவர் அதைச் சொல்லவும் செய்தார், சொன்ன அளவு கேட்பவரை நிறுத்தப் போதவில்லை.

தமிழ் பேசும் பணியிடங்களில் தணிந்த பேச்சுக்கு நன்கு பழகிய வடிவங்கள் உண்டு. "கொஞ்சம் கஷ்டம்தான் சார்" என்பது பல இடங்களில் "முடியாது" என்றே பொருள்படும். "பாத்துக்கலாம் சார்" என்பது ஒப்புதலாகவும் இருக்கலாம், பேச்சை முடித்துக்கொள்ளும் வழியாகவும் இருக்கலாம். "நீங்க சொன்னாச் சரிங்க" என்பவர் உடன்படவில்லை என்பதை அறிவிக்கிறார். பொறுப்பு தம்முடையதன்று என்பதையும் பதிவு செய்கிறார். "எதுக்கும் ஒரு தடவை பாத்துடலாமா மேடம்?" என்று ஒரு செவிலியர் மருத்துவரிடம் கேட்டால், அவர் ஏற்கெனவே எதையோ பார்த்துவிட்டார் என்று கொள்வதே பாதுகாப்பானது. கீழ்க்காணும் வரிசை இத்தகைய பேச்சை விரித்துக் கேட்க உதவும்:

1. தணிந்த சொல் காதில் விழுந்தவுடன் பேச்சை அங்கேயே நிறுத்த வேண்டும். "கொஞ்சம் கஷ்டம்னு சொன்னீங்களே, அதைக் கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க" என்று அந்தச் சொல்லையே எடுத்துத் திருப்பிக் கேட்க வேண்டும்.
2. அளவு கேட்க வேண்டும். "பத்துக்கு எத்தனை வாய்ப்பு இருக்கும்?" என்ற கேள்விக்கு "ரெண்டு, மூணுதான் சார்" என்று விடை வந்தால், பணிவான சம்மதத்தின் உள்ளே இருந்த மறுப்பு வெளிவந்துவிட்டது.
3. மாற்றுக் கருத்தை வரவேற்பதோடு நிற்காமல், அதைப் பணியாகவே கேட்டுப் பெற வேண்டும். "யாருக்காவது மாற்றுக் கருத்து இருக்கா?" என்றால் அறை அமைதியாக இருக்கும். "இது தோத்துப்போனா எந்த இடத்துல தோக்கும்? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றால் பதில் வரும். இளையவரில் தொடங்கி மூத்தவரில் முடிக்க வேண்டும். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதையே வழிமொழிவார்கள்.
4. கெட்ட செய்தி கொண்டுவந்தவருக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். முதல் சொல் கோபமாக இருந்தால், அடுத்த கெட்ட செய்தி தாமதமாக வரும் அல்லது வராது.

பாதுகாப்பு: உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்ற குறிப்பு எவ்வளவு மெலிதாக வந்தாலும் வேலையை நிறுத்திவிட்டே விசாரிக்க வேண்டும், விசாரித்துக்கொண்டே வேலையைத் தொடரக்கூடாது.

ஷிப்ட் மாறும் நேரம்

1988 ஜூலை 6 அன்று வட கடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் நிகழ்ந்த வெடிப்பிலும் தீயிலும் 167 பேர் மாண்டனர். பராமரிப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த செய்தி இரவு ஷிப்ட்டில் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. மற்றொரு பம்ப் நின்றுபோனபோது அவர்கள் இந்தப் பம்பை இயக்கினர். வேலையை ஒப்படைக்கும் சில நிமிடங்களில் கேட்கத் தவறுவது எவ்வளவு தூரம் இட்டுச்செல்லும் என்பதற்கு இதுவே போதும்.

மருத்துவமனைகளில் இந்த ஒப்படைப்புக்கு எஸ்பார் என்ற நான்கு பகுதி வரிசை பயன்படுகிறது. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்பன அதன் பகுதிகள். அமெரிக்க அணு நீர்மூழ்கிக் கப்பல்களின் வழக்கத்திலிருந்து மருத்துவத்துக்கு வந்த இது பெரும்பாலும் பேசுபவருக்கான கருவியாகவே கற்பிக்கப்படுகிறது. கேட்பவருக்கும் அதே அளவு பயன்படும் என்பது இங்கு வலியுறுத்தத்தக்கது: நான்கில் எது வரவில்லை என்று பார்த்து, வராததைக் கேட்டுப் பெறலாம். பொறுப்பேற்பவர் செய்ய வேண்டியவை:

1. முடிந்தவரை இயந்திரத்தின் அருகிலோ நோயாளியின் அருகிலோ நின்று கேட்க வேண்டும். சொல்லப்படுவதைக் கண்ணால் ஒத்துப்பார்க்க முடியும்.
2. "வழக்கமா இருந்து இன்னைக்கு மாறியிருக்கிறது என்ன?" என்று தவறாமல் கேட்க வேண்டும்.
3. பாதியில் நிற்கும் வேலைகளையும் கழற்றி வைக்கப்பட்டவற்றையும் தனியே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.
4. அளவுகளைத் திருப்பிச் சொல்லி, பதிவேட்டுடன் ஒப்பிட்ட பிறகே கையொப்பமிட வேண்டும். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருப்பவரை இரண்டு நிமிடம் நிறுத்தி வைப்பதில் தயக்கம் கூடாது.

குறையைக் கேட்கும்போது

சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் ஆலையில் 1928 முதல் 1930 வரை 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் நேர்காணப்பட்டனர். முன்கூட்டியே எழுதி வைத்த கேள்விகளுடன் தொடங்கிய அந்தப் பணியில், தொழிலாளர்கள் கேள்வியை விட்டு விலகித் தமக்கு முக்கியமானவற்றையே பேசுவதை ஆய்வாளர்கள் கண்டு, பின்னர் பேச்சின் போக்கை அவர்களிடமே விட்டுவிட்டனர். குறை கேட்பவருக்கு இன்றும் அதுவே வழி. ஆறுதல், அறிவுரை, தம் சொந்த அனுபவம் ஆகிய மூன்றையும் முதல் பதினைந்து நிமிடங்களுக்கேனும் ஒதுக்கி வைக்க வேண்டும். "எனக்கும் இப்படித்தான் நடந்துச்சு" என்பது நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டாலும், உரையாடலைக் கேட்பவரின் கதையாக மாற்றிவிடுகிறது. மூன்றாம் நபர் மீதான குறையில் உடனே பக்கம் சேர்வதும் தவறு. "நீங்க சொல்றது புரியுது" என்பதற்கும் "நீங்க சொல்றதுதான் சரி" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்பவர் காக்க வேண்டும்.

சில குறைகளுக்கு நல்ல காது மட்டும் போதாது. அவற்றில் வரிசை பிசகக்கூடாது:

1. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்கக்கூடாது. "தேவைப்படாதவங்க யார்கிட்டயும் போகாது, உங்க பாதுகாப்புக்குத் தேவைன்னா உங்களுக்குச் சொல்லிட்டுத்தான் அடுத்தது" என்பதே காப்பாற்றக்கூடிய வாக்கு.

2. பாலியல் துன்புறுத்தல் பற்றிய பேச்சு என்றால், கேட்பவர் தாமே விசாரிக்கவோ சமரசம் செய்யவோ முனையக்கூடாது. இந்தியாவில் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும்; அதற்குக் குறைவானோர் பணிபுரியும் இடங்களுக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. நிகழ்வு நடந்த 3 மாதங்களுக்குள் பெண் பணியாளர் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்கலாம். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதங்கள் வரை நீட்டிக்கலாம். அவரால் எழுத இயலாவிட்டால் எழுத உதவுவது குழுவின் கடமை. இவ்விவரங்களைத் தெரிவித்து, முடிவை அவரிடமே விட்டு, அவர் பெயரை வேறெங்கும் சொல்லாமல் இருப்பது கேட்பவரின் பங்கு.

3. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பேச்சில் தென்பட்டால், அதை நேரடியாக, பதறாமல் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்பட்டுவிடும் என்ற அச்சம் தவறானது. அவரைத் தனியே விடாமல், குடும்பத்தினரையோ மருத்துவரையோ தொடர்புகொள்ள வேண்டும். இந்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

தொலைபேசியும் காணொலியும்

முகக்குறிப்பு குறையும் இடத்தில் திருப்பிச் சொல்வது கூட வேண்டும். காணொலிக் கூட்டத்தில் மற்றவர் பேசும்போது மின்னஞ்சல் பார்ப்பது நேரில் கேட்டபடி பத்திரிகை படிப்பதற்குச் சமம். தொலைபேசியில் பெற்ற அளவுகளையும் தேதிகளையும் இரண்டு வரிகளில் எழுதி உடனே அனுப்பிவைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் கட்டைவிரல் குறி, செய்தி பார்க்கப்பட்டது என்பதை மட்டுமே காட்டும்.

பழகும் முறை

எட்டுப் படிகளையும் ஒரே நாளில் கைக்கொள்ள முயல்பவர், தம் முறையைக் கவனிப்பதிலேயே மூழ்கி எதிரிலிருப்பவரை மறந்துவிடுவார். முதல் வாரத்தில் குறுக்கிடாமல் இருப்பதை மட்டும், நாளுக்கு ஓர் உரையாடலில் மட்டும் பழகலாம். இரண்டாம் வாரத்தில் விவரங்களைத் திருப்பிச் சொல்வதையும், அதன் பிறகு கருத்தைத் திருப்பிச் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளலாம். கவலையைத் திருப்பிச் சொல்வது கடைசியில் வர வேண்டும், ஏனெனில் பழக்கமில்லாதவர் வாயில் அது நடிப்பாக ஒலிக்கும். எதிரிலிருப்பவர் "இல்ல, அப்படி இல்ல" என்று திருத்திய இடங்களை மாலையில் குறித்துவைத்தால், தம் காது எங்கே தவறுகிறது என்பது சில வாரங்களில் தெரியவரும். சிலருக்கு எண்களில், சிலருக்கு இளையவர்களின் பேச்சில், சிலருக்குத் தமக்குப் பிடிக்காத ஒருவர் பேசும்போது.

மேற்பார்வைப் பொறுப்பில் இருக்கும் வாசகர் இந்த அத்தியாயத்திலிருந்து ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்ள முடியும் என்றால், "புரிஞ்சுதா?" என்ற கேள்வியை நாளை காலை முதல் கைவிடுக, அதற்குப் பதிலாகத் தாம் சொன்னதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று எதிரிலிருப்பவரையே சொல்லச் செய்து, அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்டிருக்குக.